மை தீர்ந்தால் டப்பாவைத் தூக்கி எறிவதா?

பிரிண்டர் வாங்கக் கடைக்குப் போகும் நம்மில் எத்தனை பேர், "இதற்கு மை என்ன விலை?" என்று முதலில் கேட்கிறோம்? நாலாயிரம் சொல்கிறீர்களே, மூவாயிரத்து ஐந்நூறுக்குத் தருவீர்களா, கூட ஒரு ரீம் பேப்பர் இனாம் உண்டா என்பதோடு பேரம் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் கறுப்பு மை தீரும். பெண்ணின் பள்ளிக்கூட ப்ராஜெக்ட் ஒன்று வந்தால் வண்ண மையும் தீரும். இரண்டுக்கும் சேர்த்துக் கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டால், இன்னும் கொஞ்சம் பணம் போட்டுப் புது பிரிண்டரே வாங்கிவிடலாம் போலிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்தது இதற்குத்தான் போலும்.

இந்தச் சுமைகூலியை நாம் கொடுக்க வேண்டியதே இல்லை என்பது என் கட்சி. மை தீர்ந்த கார்ட்ரிட்ஜில் திரும்ப மை நிரப்பிக்கொள்வது கஞ்சத்தனமும் இல்லை, திருட்டுத்தனமும் இல்லை. நம் அன்பர்களில் சிலர் இதைப் பற்றிப் பேசும்போது ஏதோ கள்ள நோட்டு விவகாரம் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் மலிவு இங்க்ஜெட் மாடல்களில் ஒரு சிறிய கறுப்பு கார்ட்ரிட்ஜ் 200 பக்கம்கூடத் தராது என்று தயாரித்த கம்பெனியே அறிவித்திருக்கிறது. 190 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், விலை 800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 4 ரூபாய்க்கு மேல் ஆகிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இதைவிடக் குறைவு. அந்தப் பக்கக் கணக்கும் ஒரு சோதனைக்கூடக் கணக்கு. குறிப்பிட்ட மாதிரித் தாள்களை விடாமல் அச்சிட்டு எண்ணியது. கொம்பும் சுழியுமாக நிறைந்த நம் தமிழ்ப் பக்கத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விஷயம். அந்த டப்பாவுக்குள் இருக்கும் மை நாலைந்து மில்லி லிட்டர். குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் ஊற்றினால் பாதிகூட நிறையாது.

லேசர் பிரிண்டரில் கணக்கு வேறு மாதிரி. ஆபீஸ்களில் பல வருஷங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிரபலமான மாடலின் டோனர் 2,000 பக்கம் தரும். புதிதாக வாங்கினால் 5,000 ரூபாய் என்றால் பக்கத்துக்கு இரண்டரை ரூபாய். அதே டப்பாவில் 300 ரூபாய்க்குப் பொடி நிரப்பினால் பக்கத்துக்கு 15 பைசா. விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறலாம். நான் சொன்னதில் இருநூறு முன்னூறு கூடக்குறைய இருந்தாலும் இரண்டுக்கும் உள்ள தூரம் குறையப்போவதில்லை.

இந்தத் தூரம் எப்படி வந்தது? 1988-ல் ஹெவ்லெட் பேக்கர்ட் கம்பெனி தன் முதல் டெஸ்க்ஜெட் பிரிண்டரை அமெரிக்காவில் வெளியிட்டபோது அதன் விலை 995 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. பத்தே வருஷத்தில் அதைவிட நல்ல பிரிண்டர்கள் நூறு இருநூறு டாலருக்கு வந்துவிட்டன. தொழில்நுட்பம் முன்னேறியது ஒரு காரணம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. சவர ரேஸரை மலிவாகக் கொடுத்து, பிளேடில் ஆயுள் முழுக்கச் சம்பாதிக்கும் பழைய வியாபாரத் தந்திரத்தை பிரிண்டர் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. பிரிண்டரில் விட்டதை மையில் பிடிப்பது. வியாபாரம் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் பிளேடு விற்பவர், "பழைய பிளேடைச் சாணை பிடிக்கக் கூடாது" என்று நம் வீட்டுக் குளியலறைக்குள் வந்து சொல்ல ஆரம்பித்தால்?

மை விஷயத்தில் யாருக்கும் பாடம் சொல்லக்கூடிய ஊரில் நாம் இருக்கிறோம். ஜாதவ்பூர் பக்கம் பஸ்ஸில் போகிற அன்பர்களுக்கு "சுலேகா மோர்" என்ற ஸ்டாப் தெரியும். கண்டக்டர் கூவுவதை நாள்தோறும் கேட்கிறோம். அது ஒரு மைக் கம்பெனியின் பெயர் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அந்நிய மையால் எழுதிக்கொண்டிருந்த காந்திஜி, நல்ல சுதேசி மை ஒன்று வேண்டும் என்று விரும்பினார். பெங்கால் கெமிக்கல்ஸில் ரசாயன நிபுணராக இருந்து பிறகு காந்திஜியின் தொண்டரான சதீஷ் சந்திர தாஸ்குப்தா அதில் முனைந்தார். அந்த வழியில் வந்த மைத்ரா சகோதரர்கள் நனிகோபாலும் சங்கராசார்யாவும் 1934-ல் ராஜ்ஷாஹியில் ஆரம்பித்ததுதான் சுலேகா. ராஜ்ஷாஹி இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. பிறகு தொழில் கல்கத்தாவுக்கு வந்து, ஜாதவ்பூரில் பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது. 1980-களின் கடைசியில் மூடப்பட்டு, நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, திரும்பவும் திறந்து, 2020-ல் இங்க் பேனா மையோடு மறுபடி கடைக்கு வந்தது. சுலேகாவுக்கும் முன்னால் பி.எம். பாக்சி இருந்தார்கள். நமக்குப் பாம்புப் பஞ்சாங்கம் போல வங்காளிகளுக்கு அவர்கள் பஞ்சிகா. அவர்களும் 19-ம் நூற்றாண்டிலேயே மை காய்ச்சி விற்றவர்கள்.

இதையெல்லாம் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. இங்கே சுலேகா, ஊரில் பிரில், யாருடைய மையானாலும் அதை எந்தப் பேனாவிலும் ஊற்றலாம். பார்க்கர் பேனா வைத்திருந்த ஆபீஸரும் அதில் சுலேகாவை ஊற்றித்தான் கையெழுத்துப் போட்டார். "இது என் கம்பெனி மை இல்லை, எழுத மாட்டேன்" என்று எந்தப் பேனாவும் சொன்னதில்லை. மை தீர்ந்ததும் பேனாவையோ மைக்கூட்டையோ எறிந்ததும் இல்லை. பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் பெஞ்சின் மேல் சிந்திக் கொடுத்த நாலு சொட்டைக் கழுத்துப் பக்கமாக உறிஞ்சிக்கொண்டு எழுதிப் பாஸானவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பார்கள். மையும் பேனாவும் வேறு வேறு பொருள் என்பது அன்றைக்கு யாரும் சொல்லித் தர வேண்டாத சங்கதி. கார்ட்ரிட்ஜ் வந்த பிறகுதான் இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிட்டார்கள்.

அந்த ஒட்டைப் பிரித்துக் கொடுக்கிறவர்கள் நம் ஊரில் சாந்தினி சௌக்கில் இருக்கிறார்கள். மெட்ரோவிலிருந்து மேலே ஏறி, கணேஷ் சந்திர அவென்யூ, மதன் ஸ்ட்ரீட் பக்கம் நுழைந்தால் போதும். கையில் கார்ட்ரிட்ஜோடு நடப்பவரைப் பார்த்ததும், "தாதா, கோன் மாடல்?" என்று நாலு திசையிலிருந்தும் குரல் வரும். ஒரு ஸ்டூல், ஒரு மேஜை, ஊசி போட்ட சிரிஞ்சுகள், நாலு நிற மைப் புட்டிகள். பத்து நிமிஷத்தில் நிரப்பி, ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்துக் காட்டிவிடுவார்கள். டோனர் வேலைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். ஸ்க்ரூவைக் கழற்றி, ஒரு பக்கம் சேர்ந்திருக்கும் கழிவுப் பொடியைக் கொட்டி, டிரம்மைத் துடைத்து, புதுப் பொடி போட்டு மூடுவார்கள். கழிவுப் பொடியைக் கொட்டாமல் மேலே மேலே நிரப்பிக் கொடுக்கிற சோம்பேறிகளும் உண்டு. அந்த டோனர் நாலாம் நாளே பிரிண்டருக்குள் கறுப்பாகக் கொட்டும். ஆகவே கூட நின்று பார்ப்பது நல்லது. பார்க்க ருசியான வேலையும்கூட.

"ரீஃபில் செய்தால் பிரிண்டர் கெட்டுவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. இதில் பாதி உண்மை. அந்தப் பாதியைத் தெரிந்துகொண்டால் மீதிப் பயம் போய்விடும். மலிவு இங்க்ஜெட்களில் மை தெளிக்கும் தலை கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குப் பின்னால் நுண்ணிய சூடேற்றிகள், ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான தடவை மையைக் கொதிக்க வைத்துக் குமிழியாக்கித் துளியாகத் தள்ளுகின்றன. அந்தச் சூட்டைத் தணிப்பதும் மைதான். மை முழுக்க வற்றிய பிறகும் "இன்னும் ரெண்டு பேஜ்" என்று அடித்தால், வெறும் வாணலி கருகுவது போலத் தலை கருகும். ஆகவே எழுத்து மங்கத் தொடங்கும்போதே நிரப்ப வேண்டும். எத்தனை தடவை? மூன்று நாலு தடவை நன்றாக வரும். அதற்கு மேல் கோடு விழுந்தால் கடைக்காரரைத் திட்ட வேண்டாம், டப்பாவின் ஆயுள் அவ்வளவுதான். நாலு தடவை நிரப்பி ஐந்தாவது தடவை புதிது வாங்கினாலும் நமக்கு லாபமே.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு விசேஷத் தொல்லை உண்டு. கோடை விடுமுறைக்குக் கோரமண்டலில் ஏறி ஊருக்குப் போய், ஒரு மாதம் கழித்து வந்து பிரிண்டரைப் போட்டால் வெள்ளைத் தாள்தான் வரும். துளைகளில் மை காய்ந்திருக்கும். இது கம்பெனி மைக்கும் நடக்கும். அப்படி நீண்ட நாள் சும்மா கிடக்கும் வீடாக இருந்தால் இங்க்ஜெட்டே வேண்டாம், சின்ன லேசர் போதும். பொடி காயாது. ஆனால் ஜூலை ஆகஸ்டில் இந்த ஊர்ச் சாரலுக்கு பேப்பர் ஈரம் குடித்துச் சுருளும். அதற்கு நிரப்பிய டோனரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, ரீமை பிளாஸ்டிக் உறையோடு அலமாரிக்குள் வையுங்கள்.

மையின் ஜாதியும் கவனிக்க வேண்டியது. சில பிரிண்டர்களின் கறுப்பு மை பிக்மெண்ட் வகை. காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் அவ்வளவாகக் கரையாது. வண்ண மை பெரும்பாலும் சாய வகை, ஈரம் பட்டால் ஓடிவிடும். ஒரு வருஷம் நம் குழந்தைகளின் திருக்குறள் போட்டிச் சான்றிதழ்களை அச்சிட்டுக் கொடுத்தோம். கார்ட்ரிட்ஜ் நிரப்பிய கடைக்காரர் பிக்மெண்டுக்குப் பதில் சாய மையை ஊற்றியிருந்தார். பரிசளிப்பு முடிந்து வெளியே வந்தபோது மழை. வெற்றி பெற்ற பிள்ளைகளின் பெயரெல்லாம் லேக் மார்க்கெட் வரைக்கும் போவதற்குள் நீல நிறமாக வழிந்துவிட்டது. அந்தக் கடைக்காரருக்கு மாடலுக்கு ஏற்ற மை எது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அவரை விட்டு வேறு கடைக்குப் போனோம். தையற்காரர் அளவு தப்பாகத் தைத்தார் என்பதற்காக யாரும் தையற்கூலியே கொடுப்பதில்லை என்று சபதம் போடுவதில்லையே.

இந்தக் கைத்தொழிலைக் கம்பெனிகள் எப்படிப் பார்க்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் என்ற கம்பெனி தன் டோனர் கார்ட்ரிட்ஜைச் சுமார் 20 சதவீதம் தள்ளுபடியில் விற்றது. ஒரு நிபந்தனை: ஒரே தடவை உபயோகித்துவிட்டு காலி டப்பாவைத் தங்களிடமே திருப்பித் தர வேண்டும். மேற்கு வர்ஜீனியாவிலிருந்த இம்ப்ரெஷன் ப்ராடக்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம் அந்தக் காலி டப்பாக்களை வாங்கி நிரப்பி விற்றது. லெக்ஸ்மார்க் பேடண்ட் உரிமையைக் காட்டி வழக்குப் போட்டது. அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் 2017 மே 30-ம் தேதி தீர்ப்பு வந்தது. பொருளை விற்ற அந்தக் கணத்தோடு பேடண்ட் உரிமை தீர்ந்துவிட்டது, அதற்குமேல் நிபந்தனையை மீறியதற்காக பேடண்ட் சட்டத்தைக் கையில் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் பழைய கார்களைப் பழுது பார்த்து விற்கும் கடையை உதாரணம் காட்டினார். காரின் ஒவ்வோர் உதிரி பாகத்தையும் செய்தவர் வழக்குப் போடலாம் என்றால் அந்தக் கடை எப்படி நடக்கும் என்பது அவர் வாதம். நம் மல்லிக் பஜாரை நினைத்துப் பார்த்தால் இந்த உதாரணத்தின் அருமை புரியும்.

கோர்ட்டில் முடியாததைச் சிப்பில் முடிக்கப் பார்ப்பது அடுத்த வழி. கார்ட்ரிட்ஜில் ஒரு சிறு சிப்பை வைத்து, தங்கள் சிப் இல்லாவிட்டால் பிரிண்டர் வேலை செய்யாதபடி பூட்டுவது. 2016 செப்டம்பர் 13-ம் தேதி உலகத்தில் பல இடங்களில் எச்.பி. பிரிண்டர்கள் சில, முந்தின நாள் வரை ஏற்றுக்கொண்ட பிற கம்பெனி கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று ஏற்க மறுத்தன. பிரிண்டருக்குள் ஏற்கெனவே அனுப்பியிருந்த மென்பொருள் அன்றைய தேதியில் கண் விழித்ததுதான் காரணம். கூச்சல் எழுந்ததும் கம்பெனி வருத்தம் தெரிவித்தது. ஆனாலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இந்தக் கட்டுப்பாடுகளை வாங்குவோருக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் 1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

காசு கொடுத்து வாங்கிய பிரிண்டர் நம் வீட்டு மேஜை மேல் உட்கார்ந்துகொண்டு வேறொருவர் பேச்சைக் கேட்கிறது என்றால், அதை நாம் வாங்கினோமா, வாடகைக்கு எடுத்தோமா? நம் நாட்டில் மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பர் 24-ம் தேதி இதற்கென ஓர் இணையதளமும் திறந்தது. நல்ல தொடக்கம். மை நிரப்பும் உரிமையும் அந்த உரிமையைச் சேர்ந்ததே என்று நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

கம்பெனிகள் எல்லாம் ஒரே மாதிரி என்றும் சொல்லிவிட முடியாது. இந்தோனேஷியாவில் மக்கள் பிரிண்டரின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் புட்டிகளை வைத்து, மெல்லிய குழாய் இழுத்து, கார்ட்ரிட்ஜுக்குத் தாங்களே மை பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சாந்தினியிலும் இந்தக் குழாய் வைத்தியம் வெகு நாள் நடந்தது. இவர்களோடு மல்லுக்கு நிற்பதைவிட இவர்கள் வழிக்கே போவோம் என்று எப்ஸன் கம்பெனி 2010-ல் அங்கேயே தொட்டி வைத்த பிரிண்டரை வெளியிட்டது. பிறகு இந்தியாவுக்கும் வந்தது, மற்றக் கம்பெனிகளும் தொடர்ந்தன. அதில் ஒரு புட்டி கறுப்பு மை 4,000 பக்கம் என்று அறிவித்தார்கள். பிரிண்டர் விலை கூட, மை விலை சொற்பம். அதாவது, மை நிரப்புவது தப்பு என்று சொன்ன தொழிலே கடைசியில் மை நிரப்பும் பிரிண்டரை விற்க வந்தது. புதிதாக வாங்கப்போகும் அன்பர்களுக்கு, நிறைய அச்சிடும் வீடு என்றால், என் சிபாரிசு இதுதான். ஏற்கெனவே கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை வாங்க ஓட வேண்டாம். சாந்தினிக்கு ஓடினால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கம்பெனிகள் பக்கம். நிரப்பிய டப்பாவை நிரப்பியது என்று சொல்லி விற்பவர் தொழிலாளி. பழைய டப்பாவைத் துடைத்து, தேய்ந்த டிரம்மையும் பிளேடையும் மாற்றிப் புதுப்பித்து, தன் பெயரைப் போட்டு விற்பவரும் அப்படியே. அதையே கம்பெனியின் அட்டைப் பெட்டிக்குள் வைத்து, ஹாலோகிராம் ஒட்டி, அசல் என்று அசல் விலைக்கு விற்பவர் மோசடிக்காரர். 1999-ம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டத்தில் இதற்கு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை உண்டு, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இவருக்கு வேண்டிய கச்சாப் பொருளைக் கொடுப்பவர்கள் நாம்தான். காலி கார்ட்ரிட்ஜுக்கு ஒரு விலை, அட்டைப் பெட்டியோடு கொடுத்தால் கூடுதல் விலை என்று யாராவது வீடு தேடி வந்து கேட்டால், அந்தப் பெட்டி எதற்கு என்று யோசியுங்கள். புது கார்ட்ரிட்ஜ் வாங்கிய அன்றே பெட்டியைக் கிழித்துப் போட்டுவிடுவது உத்தமம்.

மை நிரப்பும் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்கு 24 பர்கனாவிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து, நாள் முழுக்க டோனர்ப் பொடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது மாவைவிட நுண்ணிய பிளாஸ்டிக் தூள். வாயால் ஊதித்தான் சுத்தம் செய்கிறார்கள், முகத்தில் ஒரு துணிகூடக் கிடையாது. நமக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் மிச்சமாவது அந்த மூச்சில்தான். முகமூடி போட்டு, உறிஞ்சும் மெஷின் வைத்து வேலை செய்யும் கடை 50 ரூபாய் கூடக் கேட்டால், பேரம் பேசாமல் கொடுங்கள். அப்போதும் நமக்கு லாபம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

இனி நம் சங்கத்துக்கு. வரவு செலவு வாசிக்கும்போதெல்லாம் "ஸ்டேஷனரி" என்ற ஒரு வரியில் மைச் செலவு ஒளிந்துகொள்கிறது. அதைத் தனியாக எழுதிக் காட்டும்படி பொருளாளரைக் கேட்டுக்கொள்கிறேன். சுற்றறிக்கை, சந்தா ரசீது, தமிழ் வகுப்புப் பயிற்சித் தாள் எல்லாம் கறுப்பு வெள்ளைதான், ஒரு லேசரும் நிரப்பிய டோனர் இரண்டும் போதும். பொங்கல் விழா அழைப்பிதழ் வண்ணத்தில் வேண்டுமென்றால் வெளியே கொடுத்து அச்சிடலாம். இரண்டு டோனர்களில் ஒன்று ஓடும்போது மற்றது சாந்தினியில் இருக்கட்டும். ஒரே கடையில் கணக்கு வைத்து, நிரப்பிய தேதியை டப்பாவின் மேல் எழுதி ஒட்டினால், எத்தனையாவது தடவை என்பதும் தெரியும்.

இனி நிரப்பவே முடியாது என்ற டப்பாக்களைக் குப்பையில் போட வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் பட்டியலில் இருக்கிறது. அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு ஏற்பாடு செய்வது தயாரித்தவர்கள் பொறுப்பு. பத்து வீட்டுக் காலி டப்பாக்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் அவர்களைக் கூப்பிட்டு ஒப்படைப்பது சுலபம். நம் நூலக அலமாரியின் கீழ்த்தட்டு காலியாகத்தான் கிடக்கிறது, அங்கே ஒரு அட்டைப் பெட்டி வைக்கச் செயற்குழு சம்மதித்தால் முதல் டப்பாவை நானே கொண்டுவந்து போடுகிறேன்.